கன்சீலர் போடுவது எப்படி? வடசென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற கேள்வி பதில்கள்

கன்சீலர் பற்றிய வீடியோக்களில் பல ஏ.சி. அறையில், வெள்ளைத் தோல்காரர்களுக்காக எடுக்கப்பட்டவை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் காலை எட்டு மணிக்கே கழுத்து நனைந்துவிடுகிறது. நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அந்த வீடியோவில் சொல்லும் ஷேடு ஒத்துவராது. இந்த ஊர் காற்றையும் நம் தோலையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

கன்சீலரும் ஃபவுண்டேஷனும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டிலும் நிறம் தருபவை இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும்தான். ஆனால் கன்சீலரில் அவை இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதனால் கொஞ்சம் வைத்தாலே மறைக்கும், கொஞ்சம் கூடினாலும் திட்டாகத் தெரியும். முகம் முழுக்க லேசாகப் பூசுவது ஃபவுண்டேஷன். குறிப்பிட்ட ஒரு இடத்தை மட்டும் மறைப்பது கன்சீலர்.

தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ போகிறவர்களுக்கு ஃபவுண்டேஷன் தேவையே இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. சன்ஸ்கிரீன், தேவையான மூன்று நான்கு இடங்களில் கன்சீலர், மேலே துளி பவுடர் போதும். பூச்சு குறைந்தால் வியர்வையில் கலைவதற்கும் குறைவாகவே இருக்கும்.

எந்த ஷேடு வாங்குவது? கடையில் சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்தால் வேறு நிறமாகத் தெரிகிறது.

கன்சீலர் விஷயத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பரு, தழும்பு, மங்கு போன்றவற்றை மறைக்க உங்கள் தோல் நிறமே வேண்டும், ஒரு துளிகூட வெளுப்பாக இருக்கக் கூடாது. வெளுப்பாக இருந்தால் பருவைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டியது போல ஆகிவிடும். கண்ணுக்குக் கீழே மட்டும் அதிகபட்சம் அரை ஷேடு வெளுப்பாகப் போகலாம். "ரெண்டு ஷேடு லைட்டா எடுங்க, முகம் பளிச்னு இருக்கும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கன்சீலர் நிறத்தைச் சமப்படுத்தும் பொருள். கறுப்பான முகத்தைச் சிவப்பாக்குவது அதன் வேலையும் இல்லை, அப்படி ஆக்க வேண்டிய தேவையும் இல்லை.

புறங்கையில் தடவிப் பார்க்கவே கூடாது. கை நிறம் வேறு, முக நிறம் வேறு. தாடை எலும்பிலிருந்து கழுத்துப் பக்கமாக மூன்று ஷேடுகளைச் சிறு கோடாக இழுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ பாரிமுனையிலோ கடைக்குள் எரியும் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் நிறத்தை ஏமாற்றும். அதனால் வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவு செய்யவும் வேண்டாம். தோலில் சுரக்கும் எண்ணெய் கலந்ததும் பல கன்சீலர்கள் கொஞ்சம் கறுக்கும். பதினைந்து நிமிடம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். எந்தக் கோடு தேடினாலும் கண்ணில் படவில்லையோ அதுதான் உங்கள் ஷேடு.

மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்த்து அண்டர்டோன் (தோலின் அடியில் தெரியும் நிறச் சாயல்) கண்டுபிடிக்கும் முறை கருநிறத் தோலில் சரிவராது, நரம்பே தெரியாது. அதற்குப் பதிலாக மஞ்சள் சாய்ந்தது, சிவப்பு சாய்ந்தது, இரண்டுக்கும் நடுவானது என்று மூன்றையும் தாடையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஷேடு பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து முகத்துக்கு மஞ்சளை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மஞ்சளுக்குத்தான் ஷேடு வாங்கி வருவீர்கள்.

கண்ணுக்குக் கீழே கன்சீலர் போட்டதும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

நம் கருவளையத்தில் பழுப்பும் நீலமும் கலந்திருக்கும். அதன்மேல் வெளுத்த கன்சீலரை நேராக வைத்தால், அதிலுள்ள வெள்ளை நிறமியும் அடியிலுள்ள நீலமும் சேர்ந்து சாம்பலாகத் தெரியும். மேலே மேலே பூசினால் சாம்பல் கூடுமே தவிரக் குறையாது.

முதலில் நீலத்தை அடக்க வேண்டும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. அதற்குத்தான் கரெக்டர். கோதுமை நிறத்துக்கு பீச் (வெளிர் ஆரஞ்சு), மாநிறத்துக்கு ஆரஞ்சு கலந்த பீச், கருநிறத்துக்கு அடர் ஆரஞ்சு அல்லது செங்கல் நிறம். ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு போதும். கருமை இருக்கும் இடத்தில் மட்டும், பெரும்பாலும் மூக்கோரம் உள்ள உள்மூலையில், மெல்லியதாகத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு உங்கள் நிற கன்சீலரை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் அடியில் இருக்கும் ஆரஞ்சும் சேர்ந்து வந்துவிடும். ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் கரெக்டர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கன்சீலரைக் கூட்டி மூடாதீர்கள், துடைத்துவிட்டுப் பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள்.

கரெக்டருக்குப் பதில் ஆரஞ்சு லிப்ஸ்டிக் வைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். லிப்ஸ்டிக்கில் எண்ணெயும் மெழுகும் அதிகம் என்பதால் மேலே வைக்கும் கன்சீலர் வழுக்கும். உதட்டுக்கு என்று சேர்க்கும் சாயங்கள் எல்லாம் கண்ணோரத்துக்கு ஏற்றவையும் அல்ல.

கரெக்டர் போட்டும் கருவளையம் மறையவில்லை.

உங்களுடையது நிறமா நிழலா என்று முதலில் பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே நின்று, கையில் கண்ணாடி பிடித்து, முகத்தை மெல்ல மேலே தூக்குங்கள். கருமை குறைந்தால் அது கண்ணடிப் பள்ளத்தின் நிழல். அப்படியே இருந்தால் தோலின் நிறம். நிழலுக்குக் கரெக்டர் உதவாது. பள்ளத்தின் ஆழமான கோட்டில் மட்டும் அரை ஷேடு வெளுத்த கன்சீலரை நூல் போல இழுத்து, ஓரங்களைத் தட்டிக் கலக்க வேண்டும்.

கண்ணுக்குக் கீழே பை போல உப்பியிருப்பவர்கள் உப்பலின்மேல் கன்சீலர் வைக்கவே கூடாது, இன்னும் தூக்கிக் காட்டும். உப்பலுக்கு அடியில் விழும் நிழல் கோட்டில் மட்டும் வையுங்கள். கண்ணை அடிக்கடி கசக்குவதாலும் அந்த இடம் கறுக்கும். தூசி அலர்ஜியால் கண் அரிக்கிறது என்றால், முதலில் அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்.

முகத்தைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கழுவியதும் தோல் இறுகும், கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு தெரியும். கடைசியாக ஒரு குவளை குடிநீரால் அலம்பினால் கொஞ்சம் மட்டுப்படும். ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்: முகம் முழுக்க ஒரு கடலைப் பருப்பு அளவு, எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை. கண்ணடிக்குத் தனியாக ஒரு கடுகு அளவு போதும். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம், முகத்துக்கும் கழுத்துக்கும். பத்து நிமிடம் விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதால்தான் பலருக்கு கன்சீலர் அழுக்கு உருண்டையாகத் திரண்டு வருகிறது. அடியில் தண்ணீர் சார்ந்த க்ரீம் காயாமல் இருக்க, மேலே சிலிக்கோன் சார்ந்த கன்சீலர் வந்தால் இரண்டும் ஒட்டாமல் உருளும்.

கண் மை, ஐ ஷேடோ போடுவதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள். கீழே சிந்தும் தூளைப் பஞ்சால் எடுத்த பிறகுதான் கன்சீலர். முறை மாறினால் மை கலந்து கண்ணடி கறுத்துவிடும்.

தேவையென்றால் கரெக்டர். பிறகு கன்சீலர், ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி அளவு. அதை உள்மூலையில் ஒரு புள்ளி, வெளிமூலைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி என்று பிரித்து வையுங்கள். இமை முடிக்கு ஒட்டி வைக்காமல் ஒரு நெல் அகலம் தள்ளி வையுங்கள், தட்டும்போது அது தானே மேலே ஏறும். கண்ணடியில் பெரிய முக்கோணம் போடுவது கேமராவுக்காக வந்த பழக்கம். அதை நம் வியர்வையில் போட்டால் மதியத்துக்குள் கன்னம் முழுக்க வழியும். முப்பது விநாடி காத்திருந்து, மோதிர விரலால் தட்டித் தட்டிக் கலக்குங்கள். கொஞ்சம் காயவிட்டுத் தட்டினால் அதே அளவு கன்சீலர் இன்னும் நன்றாக மறைக்கும்.

கடைசியில் பவுடர். அதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக விரிகிறது.

சிரிக்கும்போதும் கண் சிமிட்டும்போதும் அந்தத் தோல் மடியும். அதிகப்படி கன்சீலர் அந்த மடிப்பில் போய்த் தேங்கும். காரணம் பெரும்பாலும் அளவுதான். கலக்கி முடித்ததும் பவுடருக்கு அவசரப்படாமல் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசுங்கள், சிரியுங்கள். கோடு விழும். மேலே பார்த்துக்கொண்டு, சுத்தமான விரலால் அந்தக் கோட்டைத் தட்டி எடுங்கள். அதிகப்படி வந்துவிடும். உடனே, கோடு மறுபடி விழுவதற்குள், சிறிய பிரஷ்ஷில் லூஸ் பவுடரைத் தொட்டு, உதறிவிட்டு, அழுத்துங்கள். கண்ணடியில் பவுடரைக் குவியலாகக் கொட்டிப் பத்து நிமிடம் வைக்கும் முறை வறண்ட தோலுக்கும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கேடு, இல்லாத சுருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும்.

பருவை மறைக்கும்போது அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பரு மேல் விரலால் தட்டினால் கன்சீலர் சுற்றியுள்ள தோலில் ஒட்டும், பருவின் உச்சி மட்டும் திறந்து நிற்கும். மெல்லிய முனைப் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணடிக்கு வைக்கும் ஈரமான கன்சீலர் இதற்கு உதவாது, கெட்டியான, மினுமினுப்பு இல்லாத மேட் வகைதான் பிடிக்கும். பரு மேல் ஒரு புள்ளி வைத்து ஒரு நிமிடம் காயவிடுங்கள். பிறகு நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் பிரஷ் நுனியால் கலக்குங்கள். மேலே துளி பவுடரை அழுத்துங்கள். மிகவும் சிவந்த பருவாக இருந்தால் அடியில் பச்சைக் கரெக்டர் ஒரு கடுகில் பாதி. கருநிறத் தோலில் பச்சை பெரும்பாலும் தேவைப்படாது, வைத்தால் சாம்பலாகத்தான் தெரியும்.

உடைந்து நீர் கசியும் பருவில் எதுவும் வைக்காதீர்கள். பிடிக்கவும் பிடிக்காது, கிருமியும் சேரும்.

பருப் பள்ளங்களையும் இதே போல மறைக்கலாமா?

முடியாது. பள்ளம் தெரிவது நிறத்தால் அல்ல, நிழலால். கன்சீலரை நிரப்பினால் வியர்த்ததும் பள்ளத்தில் மட்டும் தங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மினுமினுப்பைத் தவிர்த்து மெல்லிய மேட் பூச்சோடு நிறுத்துவதே நல்லது.

கன்னத்தில் மங்கு இருக்கிறது. தினமும் மறைத்தால் கூடிவிடுமா?

கன்சீலரால் மங்கு அதிகமாகாது, வெயிலால் அதிகமாகும். மங்கு வரத் தூண்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனில் உள்ள இரும்பு ஆக்சைடு அந்த வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். அதனால் மங்கு உள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத நிற சன்ஸ்கிரீனைத் தினமும் போடுங்கள். அதுவே பாதியை மறைத்துவிடும். மிச்சத்துக்கு பீச் அல்லது ஆரஞ்சு மெல்லியதாக, மேலே உங்கள் நிற கன்சீலர். மங்கு பரந்த திட்டு என்பதால் விளிம்பில் நிறுத்தாமல் அரை அங்குலம் தாண்டிக் கலக்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மங்குக்கும் சிவப்பழகுக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அவை ஸ்டீராய்டுகள். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். அப்படிக் கெட்டுப்போன முகத்தை எந்தக் கன்சீலராலும் சரிசெய்ய முடியாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டி, என்ன தடவினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வண்டியில் போய்ச் சேருவதற்குள் எல்லாம் வழிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் முகத்திலேயே நிற்கும். துடைத்தால் கன்சீலரும் கையோடு வரும். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். பழைய பருத்திக் கைக்குட்டையை நான்காக மடித்து, அழுத்தி எடுங்கள். ஈரம் போன பிறகுதான் பவுடர். ஈரத்தின்மேல் காம்பேக்ட் வைத்தால் மாவாகத் திரளும், இதைத்தான் பலர் தினமும் செய்கிறார்கள்.

ஹெல்மெட்டின் பஞ்சு கன்னத்திலும் நெற்றியிலும் உரசும். அந்த இடங்களுக்கான கன்சீலரை வீட்டில் போடாமல், போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள், இரண்டு நிமிட வேலை. எண்ணூர், மணலி பக்கம் லாரித் தூசியில் வருபவர்கள் முகத்தைத் துப்பட்டாவால் கட்டினால் துணியின் உரசலும் அப்படியே. மெட்ரோவில் விம்கோ நகரிலிருந்து வருபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏ.சி.யில் வியர்வை அடங்கியதும் ஒருமுறை ஒற்றிக்கொண்டால் போதும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பது தண்ணீரைத்தான் தாங்கும். மூக்கோரத்தில் கன்சீலர் கலைவது தோலின் எண்ணெயால். அந்த இடத்தில் முதலில் துளி பவுடர், பிறகு கன்சீலர், பிறகு மறுபடி துளி பவுடர் என்று வைத்துப் பாருங்கள், நிற்கும் நேரம் கூடும்.

கல்யாணப் பெண்ணுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

ட்ரையல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ட்ரையல் முடிந்ததும் பார்லர் கண்ணாடியில் மட்டும் பார்க்காமல் தெருவுக்கு வந்து ஒரு படம், ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். டைட்டானியம், துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீனும், நிறமே இல்லாத வெள்ளை சிலிக்கா பவுடரும் நேருக்கு நேர் பார்த்தால் தெரியாது, ஃபிளாஷில் கண்ணடி வெள்ளையாக அடிக்கும். ஆல்பத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு பயனில்லை.

விடிகாலை முகூர்த்தத்துக்கு நள்ளிரவு தாண்டியே எழுந்தால் கண் உப்பியிருக்கும். மேக்கப்புக்கு முன் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண்மேல் வைத்தால் கொஞ்சம் வடியும். ஹோமப் புகையில் கண் நீர் வடியும், தாரை வார்க்கும்போது அழுகை வரும். இரண்டையும் எதிர்பார்த்துக் கண்ணடியில் பூச்சைக் குறைக்கச் சொல்லுங்கள். கூட இருக்கும் தோழியிடம் டிஷ்யூவைக் கொடுத்து, கீழிமையின் ஓரத்தில் வைத்து நீரை உறிஞ்ச வேண்டும், இழுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். சர்ச்சில் பகல் வெளிச்சத்தில் நடக்கும் திருமணத்துக்கு மெல்லிய பூச்சும், மாலை வரவேற்பின் வீடியோ விளக்குக்குக் கொஞ்சம் கூடுதலும் சரியாக இருக்கும். காலைப் பூச்சின்மேலேயே மாலைக்கும் ஏற்றாமல், கழுவிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

நலங்கு மஞ்சள் இரண்டு நாள் முகத்தில் நிற்கும் என்பதையும் மேக்கப் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். ப்ளீச், ஃபேஷியல் எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே முடிய வேண்டும். முதல் நாள் செய்து முகம் சிவந்தால் சரிசெய்ய நேரமிருக்காது.

மாப்பிள்ளைக்கும் போடலாமா?

தாராளமாக. மழித்த தாடி நீலமாகத் தெரிந்தால் அங்கே ஆரஞ்சு கரெக்டர் மெல்லியதாக, மேலே அவருடைய நிறம். மழித்த உடனே போட்டால் எரியும், அரை மணி நேரம் விடுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறது. மறைக்கலாமா?

கறுத்த தழும்பு என்றால் மறைக்கலாம், ஆனால் அதன்மேல் மறுபடி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெள்ளையாக ஆகியிருந்தால் கவனம் தேவை. சில ஸ்டிக்கர்களின் பசையில் உள்ள ரசாயனம் தோலின் நிறச் செல்களையே அழிக்கும். ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைத் திட்டை மறைக்க உங்கள் நிறத்தைவிட அரை ஷேடு அடர்ந்ததை முதலில் வைத்து, மேலே உங்கள் நிறத்தை மெல்லியதாகத் தட்டினால் ஒத்துப்போகும்.

விரலா, பிரஷ்ஷா, ஸ்பான்ஜா?

கண்ணடிக்கு விரல். அதன் சூட்டில் கன்சீலர் இளகித் தோலோடு சேரும். பருவுக்குப் பிரஷ். பரந்த திட்டுக்கு ஸ்பான்ஜ், நனைத்து, ஒரு சொட்டும் வராத அளவுக்குப் பிழிந்தது. காய்ந்த ஸ்பான்ஜ் பாதி கன்சீலரைக் குடித்துவிடும், சொட்டும் ஸ்பான்ஜ் போட்டதைக் கரைத்துவிடும். வாரம் ஒருமுறை சோப்பால் கழுவி, காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கரும்புள்ளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்?

அட்டையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவர் பெயரும் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். பெரிய பிராண்டின் பெயர் போட்டு, இவை எதுவும் இல்லாமல், பாதி விலைக்குக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள்.

திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்றிருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். வாடை மாறினால், எண்ணெய் தனியாகப் பிரிந்தால், அதற்கு முன்பே எறியுங்கள். வண்டி சீட்டுக்கடியில் வைத்தால் சூட்டில் சீக்கிரம் கெடும். புதிதாக வாங்கியதை முழங்கை உள்மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள், அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்கு.

யாரோடும் பங்குபோட வேண்டாம், அக்கா தங்கையோடும்தான். மெட்ராஸ் ஐ ஒருவருக்கு வந்தால் கன்சீலர் டப்பாவின் குச்சி வழியாக வீட்டில் எல்லோருக்கும் தொற்றக்கூடும். கண் சிவந்திருக்கும்போது பயன்படுத்திய கன்சீலரைக் குணமான பிறகு தொடாதீர்கள், புதிது வாங்குங்கள். பார்லரிலும் உங்கள் கண்ணெதிரே கன்சீலரைத் தட்டில் எடுத்து, கழுவிய பிரஷ்ஷால் போடச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ராத்திரி எப்படி எடுப்பது?

சோப்பு மட்டும் போதாது. சிலிக்கோன் கன்சீலர் அதற்குக் கரையாது. மைசெல்லார் வாட்டரை (மேக்கப் எடுக்க விற்கும் திரவம்) பஞ்சில் நனைத்து, கண்ணடியில் பத்து விநாடி வைத்திருந்து, வெளிமூலையிலிருந்து மூக்குப் பக்கமாக மெல்ல எடுங்கள். பருவே வராத வறண்ட தோலுக்கு நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். பரு வருகிறவர்களுக்கு அது துளைகளை அடைக்கும், வேண்டாம். பிறகு மென்மையான ஃபேஸ் வாஷ். முடி தொடங்கும் நெற்றியோரம், மூக்கு மடிப்பு, தாடைக்கு அடி இந்த மூன்று இடத்திலும் மிச்சம் தங்கும். வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பாருங்கள், நிறம் ஒட்டினால் இன்னொருமுறை கழுவுங்கள்.